ஸ்கேனில் தெரியாத வயிற்று வலி

நம்பிக்கை: "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் நடிக்கான்."

உண்மை: அவன் நடிக்கவில்லை. குடலுக்குத் தனி நரம்பு வலை உண்டு. 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் மூளையோடு ஓயாமல் பேசுகின்றன. சில பிள்ளைகளுக்கு இந்த நரம்புகள் கூருணர்ச்சி மிக்கவை. மற்றவர்கள் உணராத வாயுவும் குடலசைவும் இவர்களுக்கு வலியாகவே தெரியும். ஸ்கேனில் தெரிவது உறுப்பின் வடிவம் மட்டுமே. பிரிட்டனில் மருத்துவர் ஜான் ஆப்லே 1958-இல் ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு அடிக்கடி வயிற்று வலி இருந்தது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் தேவநாராயண, ரஜிந்திரஜித் ஆகியோர் கண்டதும் ஏறக்குறைய அதே அளவுதான். வலியுள்ள அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு உறுப்புக் கோளாறு ஏதுமில்லை. பயம், பரீட்சை, வீட்டுச் சண்டை வலியைக் கூட்டும். அதனால் அது பொய்யாகிவிடாது.

நம்பிக்கை: "குடலேத்தம். தடவிவிட்டா சரியாயிரும். இல்லன்னா தொக்கம் எடுக்கணும்."

உண்மை: குடல் அப்படி ஏறுவதில்லை. வயிற்றுக்குள் போன உணவை வெளியிலிருந்து உறிஞ்சி எடுக்கவும் முடியாது. பாட்டியின் கைச்சூடு இதம் தரும், மறுக்கவில்லை. ஆனால் குடல்வால் அழற்சி உள்ள வயிற்றை அழுத்தித் தடவுவது ஆபத்து. வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்தாலோ, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல் என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடை குறைந்தாலோ, வலியால் தூக்கம் கலைந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: "எல்லாம் பூச்சிதான்."

உண்மை: பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் தரும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையைப் போட்ட பிறகும் வலித்தால் மலச்சிக்கலைப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் காலை முதல் மாலை வரை அடக்கி வைக்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. இதற்கு மருந்துக்கு முன்னால் வேண்டியது தண்ணீர் வரும், கதவு பூட்டும் கழிப்பறை.

நம்பிக்கை: "வலிக்குதா, வலிக்குதான்னு கேட்டாத்தான பிள்ளைக்கு ஆறுதல்."

உண்மை: அமெரிக்க ஆய்வாளர் லின் வாக்கர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வலியைப் பற்றியே பேசியபோது பிள்ளைகளின் முறையீடு ஏறத்தாழ இரட்டிப்பானது, பேச்சை மாற்றியபோது பாதியாகக் குறைந்தது. பேச்சை மாற்றிய பெற்றோரிடமே தங்களுக்கு ஆறுதல் கிடைத்ததாகப் பிள்ளைகள் சொன்னார்கள். வலி உண்மைதான் என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேறு கதை பேசுங்கள். பள்ளிக்கு அனுப்புங்கள். எப்போது கேட்டாலும் கழிப்பறைக்கு விடும்படி டீச்சரிடம் சொல்லி வையுங்கள்.