அம்மாவின் கழுத்தளவு: கைவினைக் கேள்வி-பதில்

கேள்வி: என் தகப்பனாருக்கு வருகிற தை மாதம் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி நடத்த ஏற்பாடாகியிருக்கிறது. அண்ணன்மார் இருவரும் சேர்ந்து அம்மாவுக்குத் தங்கச் சங்கிலி போடுகிறார்கள். நான் என் கையாலேயே சுடுமண் மணிமாலையும் தோடும் செய்து அம்மாவுக்கு அணிவிக்க ஆசைப்படுகிறேன். தங்கத்துக்குப் பக்கத்தில் மண் மாலை எடுபடுமா, நாலு பேர் குறைவாக நினைப்பார்களா என்று ஒரு கலக்கம். முறையாகச் செய்யத் தெரியவில்லையே என்று ஒரு பயம். வழி சொல்லுங்கள் அம்மா.
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: கலக்கத்துக்கு முதலில் சமாதானம் சொல்லிவிட்டுப் பிறகு வேலைக்கு வருகிறேன். அண்ணன்மார் அணிவிக்கப் போகும் சங்கிலியும் பிரியத்தினால் விளைவதுதான். அதை உங்கள் மாலைக்குப் போட்டியாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் மண்ணாலான மணி எளிமையானது, ஆகையால் இழிவானது என்று சபையில் யாரேனும் முகம் சுளிப்பார்களானால், அவர்கள் நம் நாட்டுப் பழைய சரித்திரத்தை அறியாதவர்கள் என்றே கொள்ளலாம். வைகைக் கரையிலுள்ள கீழடியில் தோண்டிய குழிகளிலிருந்து சுடுமண் மணிகளும் கண்ணாடி மணிகளும் வெளிவந்திருக்கின்றன. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்களைத் தீட்டித் துளையிட்ட பட்டறைகளின் எச்சங்களே கிடைத்திருக்கின்றன. 1945-ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து பார்த்த அரிக்கமேட்டிலோ, உருகிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து நீட்டி, அதைக் கடுகளவு துண்டுகளாக நறுக்கி மணியாக்கும் வித்தை செழித்திருந்தது. அந்த வகை மணிகள் கடல் கடந்து தென்கிழக்காசிய நாடுகளின் பழைய புதைகுழிகளிலும் கிடைக்கின்றன. மண்ணையும் கல்லையும் நூலில் கோர்த்துக் கழுத்தில் அணிவது நம்மவருக்கு அவ்வளவு பழைய பிரீதி.

இனி வேலை. மண்ணைப் பிசைவதற்கு முன்பு செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் தொடங்கியவர்கள் செய்த மாலைகள் அநேகம் பீரோவுக்குள்ளேயே கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் தாயாரை ஒரு நாள் முழுவதும் கவனித்துப் பாருங்கள். அவர் வழக்கமாக அணியும் சங்கிலியைக் குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பாரானால், ஒரு நூலை அதன் மேல் நெடுக வைத்து அளவெடுத்துக் கொள்ளுங்கள். தாலிச் சரடு எதுவரை தொங்குகிறது, உங்கள் மாலை அதன் மேல் விழுந்து சிக்கிக் கொள்ளாமல் இருக்க எவ்வளவு ஏற்றமாகவோ இறக்கமாகவோ இருக்க வேண்டும் என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடியைச் சரடு கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டா, விரல் மூட்டுக்களில் வலி இருக்கிறதா, காதுத் துளை வயதினால் நீண்டு தளர்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். விரல் வலியுள்ள ஒரு தாயாருக்குக் கழுத்துக்குப் பின்னால் மாட்டும் சின்னஞ்சிறு கொக்கி வைத்த மாலையைக் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அதை மாட்டிவிட அவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். இரண்டு முறை கூப்பிடுவார், மூன்றாம் முறை அணியாமலே இருந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு இருபத்தெட்டு அங்குல நீளத்தில், கொக்கியே இல்லாமல், தலை வழியாகப் போட்டுக் கொள்ளும்படி கோர்ப்பதோ, பின்புறம் இழுத்தால் நீளவும் சுருங்கவும் கூடிய நழுவு முடிச்சுப் போடுவதோதான் உசிதம். தளர்ந்த காதுக்கு ஜிமிக்கி வேண்டாம்; கடலைப் பருப்பளவான மெல்லிய தோடு போதும். கடைத் தங்கம் யாருடைய கழுத்துக்கும் பொதுவாக வார்க்கப்பட்டது. உங்கள் மாலை ஒரே ஒரு கழுத்துக்கு ஏற்பட்டது என்ற விசேஷம் இந்த அளவெடுப்பில்தான் உண்டாகிறது; மற்றதெல்லாம் பழகினால் யாருக்கும் வரும்.

மண்ணைக் குயவரிடமே கேட்டு வாங்குங்கள். வேளார் வீடுகளில் மிதித்துப் பக்குவப்படுத்தி வைத்திருக்கும் களிமண்ணைக் கொஞ்சம் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வரும்வரை உலரவிட்டுப் பிறகு நன்றாக அடித்துப் பிசைய வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி தங்கலாகாது. ஈரம் காய்ந்து சூளையில் வெந்து வரும்போது மணி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். துளையும் கூடவே சுருங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தென்னை ஈர்க்கை மணியின் நடுவே மெல்லத் திருகிக் கொண்டே செலுத்தி, மறுபுறம் முனை தெரிந்தவுடன் வெளியே இழுத்து, அந்தப் புறத்திலிருந்தும் ஒருமுறை செலுத்தினால் துளையின் இரு வாயும் பிசிறில்லாமல் அமையும். மணி பாதி காய்ந்து தோல் போல் இறுகிய பதத்தில், வழவழப்பான கூழாங்கல்லாலோ கரண்டியின் முதுகாலோ தேய்த்துக் கொடுத்தால், எந்தச் சாயமும் பூசாமலே பளபளப்பு வரும். சாயக் குப்பிகளை வாங்கி விதவிதமாகத் தீட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மண்ணின் இயல்பான சிவப்பே அழகு என்பது என் அபிப்பிராயம். காற்றோட்டமுள்ள சூளையில் மண்ணிலுள்ள இரும்புச் சத்து சிவப்பாகிறது. காற்றை அடைத்துப் புகையை உள்ளே தேக்கினால் அதே மண் கருப்பாகிறது. இந்த இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றிக் கோர்த்த மாலை பட்டுப் புடவைக்கும் பொருந்தும், நூல் புடவைக்கும் பொருந்தும்.

காய வைப்பதில்தான் முக்கியமான எச்சரிக்கை. அதுவும் இந்தக் கார்த்திகை மழையில். என் தங்கைக்கு முதன்முதலாக நான் மணிமாலை செய்தது இப்படியொரு அடைமழைக் காலத்தில். நாற்பது மணி உருட்டினேன். தொட்டுப் பார்த்தேன், காய்ந்தது போலவே இருந்தது. பண்டிகைக்குள் கொடுத்துவிட வேண்டுமென்ற அவசரத்தில் சூளையில் வைக்கக் கொடுத்துவிட்டேன். மணியின் வெளிப்புறந்தான் உலர்ந்திருந்தது; உள்ளே தங்கியிருந்த ஈரம் சூடேறியவுடன் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் மணியையே பிளந்தது. ஒவ்வொன்றாக வெடிக்கும் சப்தத்தைச் சூளைக்கு வெளியே நின்று கேட்டுக் கொண்டிருந்தேன். மறுநாள் சாம்பலை விலக்கியபோது பதினொரு மணி முழுசாகக் கிடைத்தன. அந்தப் பதினொன்றையும் முன்புறத்தில் நிறுத்தி, மீதி நீளத்துக்குக் கறுப்புக் கயிற்றைப் பின்னிக் கொடுத்தேன். இன்றுவரை அது அவள் கழுத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஆகையால் நீங்கள் நிழலிலேயே குறைந்தது பத்து நாள் காயவிடுங்கள். மழை விடாது பெய்தால் இன்னும் சில நாள். சந்தேகமிருந்தால் மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. சுடும் வேலையை வீட்டு அடுப்பில் செய்து பார்க்க வேண்டாம். சுமார் 600 டிகிரி சூட்டைத் தாண்டினாலன்றி மண் தன் மண் தன்மையை விடாது, வியர்வை பட்டால் கரைந்து போகும். குயவர் தம் சூளையில் பானைகளுக்கு நடுவே ஒரு சிறு சட்டியில் உங்கள் மணிகளை வைத்துச் சுட்டுத் தருவார். அதற்குரிய கூலியை மறுக்காமல் கொடுத்துவிடுங்கள்.

கோர்ப்பதற்கு வெறும் தையல் நூல் கூடாது. சுடுமண் துளையின் விளிம்பு அரம் போல் நூலை அறுக்கும். தேன்மெழுகு தடவிய முறுக்கு நூலை இரட்டையாகக் கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் இடையில் ஒரு முடிச்சுப் போடுங்கள். முத்து கோர்ப்பவர்கள் செய்வது இதுதான். அறுந்தாலும் ஒரு மணிதான் விழும். ஒன்றோடொன்று உரசித் தேயவும் தேயாது. தோட்டுக்குக் கடையில் விற்கும் மஞ்சள் நிற மலிவுக் கம்பியை வாங்கிவிடாதீர்கள். அதில் கலந்துள்ள நிக்கல் என்ற உலோகம் பலருக்குக் காதில் அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994-ஆம் ஆண்டிலேயே நகைகளில் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் செய்தன. 92.5 சுத்தமுள்ள வெள்ளிக் கம்பியும் வெள்ளித் திருகாணியும் வாங்குங்கள், அதிகச் செலவாகாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் தங்கள் தாய்மாருக்குக் குன்றிமணியில் வளையலும் மாலையும் கோர்த்துக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். வேலியோரம் நிறையக் கிடைக்கிறது. துளையிடச் சுலபமான வழி உண்டா?
— ஓர் ஆசிரியை, புதுக்கோட்டை

பதில்: வழி சொல்லமாட்டேன், தயவு செய்து இந்த வேலையைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். அழகிலே குன்றிமணிக்கு நிகரில்லை. தட்டார்கள் பொன்னை நிறுக்க அதைப் பயன்படுத்தியதும் உண்மை. ஆயினும் அந்தச் சிவந்த தோலுக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. தோல் உடையாமல் இருக்கும்வரை அது பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். நீங்கள் ஊசியால் துளையிடுகிற அந்தக் கணத்தில் காவல் நீங்கிவிடுகிறது. துளையிட்ட தூள் விரலில் ஒட்டி வாய்க்குப் போகலாம். கோர்த்த மாலையை வீட்டிலுள்ள கைக்குழந்தை கடித்துச் சுவைக்கலாம். ஒரு விதையை மென்று விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். அப்படி நேர்ந்ததாகச் சந்தேகம் வந்தால், குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும், ஏனெனில் விஷத்தின் குறிகள் சில மணி நேரம் கழித்தும் தோன்றலாம். சிவப்புதான் வேண்டுமென்றால் கடையில் பவழ நிறக் கண்ணாடிப் பாசிமணி வாங்கிக் கொடுங்கள். விதைதான் வேண்டுமென்றால் தாமரைமணி இருக்கிறது. வாங்கும்போதே துளையிட்டுக் கிடைக்கும்.

கேள்வி: பொங்கலுக்கு உறவினர் எல்லோருக்கும் நானே வாழ்த்து அட்டை செய்து அனுப்ப உத்தேசம். சென்ற ஆண்டு செய்தபோது மடிப்பு வெடித்துப் போயிற்று. ஒட்டிய பூ கறுத்துவிட்டது. உள்ளே என்ன எழுதுவதென்றும் தெரியவில்லை.
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: மடிப்பு வெடிப்பதற்குக் காரணம் காகிதத்தின் நார் ஓட்டம். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் ஒரே திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் வழிவிடும், குறுக்கே மடித்தால் முறியும். அட்டையை மடிக்காமல் இரு பக்கமாகவும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதற்கு இசைய மடிப்பை அமையுங்கள். மடிக்கும் கோட்டில் அடிக்கோலை வைத்து, மை தீர்ந்த பேனாவின் முனையால் ஒருமுறை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் கத்தி வைத்தது போல் விழும். கையால் செய்த பருத்திக் காகிதம் கிடைத்தால் அதுவே சிலாக்கியம். அதில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அந்தக் காகிதத் தொழிலுக்குக் காந்தியடிகள் 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கமும், அதை நடத்திய நம் தஞ்சாவூர்க்காரர் ஜே.சி. குமரப்பாவும் மறுபடியும் உயிரூட்டப் பாடுபட்டார்கள். புதுச்சேரி ஆசிரமத்துக் கைக்காகிதம் இப்போதும் வாங்கக் கிடைக்கிறது.

மல்லிகை, ரோஜா போன்ற சதைப்பற்றுள்ள பூக்கள் கறுக்கத்தான் செய்யும். அவற்றை விட்டுவிட்டு அரச இலையை எடுத்துக் கொள்ளுங்கள். முற்றிய இலைகளை ஒரு வாளித் தண்ணீரில் மூன்று நான்கு வாரம் ஊறவிட்டு, இடையிடையே தண்ணீரை மாற்றி வந்தால் பச்சைச் சதை அழுகிக் கழன்றுவிடும். பிறகு தட்டில் பரப்பி, மிருதுவான பல்துலக்கும் பிரஷ்ஷால் நடு நரம்பிலிருந்து விளிம்பை நோக்கித் தடவினால், சிலந்தி வலை போன்ற நரம்பு மாத்திரம் மிஞ்சும். பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்தின் கீழ் உலர்த்தி, நாலைந்து இடத்தில் பசையைப் பொட்டு வைத்தாற்போல் தொட்டு ஒட்டுங்கள். பரப்பிப் பூசினால் காகிதம் நெளியும்.

எழுதுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதுதான் பிரதானம். 1843-ஆம் ஆண்டில் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியே பதில் எழுத அவகாசமில்லாமல், ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டதுதான் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை என்பார்கள். அதாவது அச்சடித்த வாழ்த்து, எழுத நேரமில்லாதவர் கண்ட உபாயமாகப் பிறந்தது. நீங்கள் நேரத்தைச் செலவழிக்கத் துணிந்துவிட்டீர்கள். அப்படியிருக்கப் பழைய அச்சு வாசகத்தையே ஏன் பிரதி எடுக்க வேண்டும்? ஒவ்வொரு அட்டையிலும், அதைப் பெறுகிறவருக்கும் உங்களுக்கும் மாத்திரம் தெரிந்த ஒரு சங்கதியை இரண்டு வரியில் எழுதுங்கள். சித்தப்பாவுக்கானால், உங்களைத் தோளில் தூக்கிக் கொண்டு மஞ்சுவிரட்டுக்குப் போனதை எழுதுங்கள்; பெரியம்மாவுக்கானால், பானை பொங்குகிற நேரத்தில் அவர் குரவையிட்டது இன்னும் காதில் இருக்கிறதென்று எழுதுங்கள். சொல்ல ஒன்றும் தோன்றாத உறவினர் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு கடை அட்டையே போதும், குற்றமில்லை. எண்ணிக்கையைக் குறைத்துக் கொள்ளுங்கள். பன்னிரண்டு அட்டையைச் சிரத்தையாகச் செய்யலாம், நூறு முடியாது. வயதானவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக, கறுப்பு மையில் எழுதுங்கள். மை நன்றாக உலர்ந்த பிறகே மடியுங்கள்.

அரச இலையை இந்த வாரமே ஊறப் போட்டுவிடுங்கள். மார்கழி பாதிக்குள் நரம்பு தயாராகிவிடும், ஒட்டி எழுதித் தபாலில் சேர்க்க அப்போதும் உங்களுக்குப் பத்து நாள் இருக்கும்.