மேலே காஸ், கீழே கரன்ட்

மேலே காஸ் பர்னர், கீழே கரன்ட் ஓவன் உள்ள குக்கிங் ரேஞ்ச் வாங்கியிருக்கிறோம். மிக்ஸி போடும் பிளக்கிலேயே ஓவனையும் செருகிவிடலாமா?
– வாசகி, மதுரை

வேண்டாம் அம்மா. மிக்ஸி பிளக் 6 ஆம்பியர்தான். 2,500 வாட் ஓவன் ஏறக்குறைய 11 ஆம்பியர் இழுக்கும். கேக் வேகுமுன் பிளக் வெந்துவிடும்! எர்த்தோடு 16 ஆம்பியர் பிளக்கும், அதற்கென்று தனி லைனும் எம்சிபியும் போடச் சொல்லுங்கள்.

காஸ் டியூப் ஓவனின் முதுகை ஒட்டிப் போகக்கூடாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: ரேஞ்சைச் சுவரோடு தள்ளும்போது டியூப் பின்னால் மாட்டிக்கொண்டு சூடேறும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி விட்டால் கசிவு.

காஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி ஜன்னலைத் திறங்கள். ஓவன் சுவிட்சை அணைப்பதற்காகக்கூடத் தொடாதீர்கள். வாசலுக்கு வந்தபிறகு காஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் போடுங்கள்.