பந்தியை விட்டு எழும்பாத கந்தகம்



இந்த வார எபிசோட்டில் டீசல் புகையைப் பற்றிப் பேசும்போது, "வினையூக்கி, அதாவது கேட்டலிஸ்ட், வினையில் செலவாகாது" என்று சொல்லிட்டு வேகமா நகர்ந்துட்டேன். கேட்ட உடனே சித்தப்பா போன் பண்ணினார்.

"செலவாகாதோ? அப்ப என்ர ட்ரக்கில ஏன் செத்துப்போச்சு?"

ரொறன்ரோவில் அவர் ஓட்டும் டெலிவரி ட்ரக்கில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, இழுவையும் குறைந்திருந்தது. புதுசு போட பல ஆயிரம் டாலர் என்றது ஒரு கராஜ். கழட்டி எறிஞ்சிட்டு கம்ப்யூட்டரை ஏமாத்தலாம் என்றார் தெரிஞ்ச ஒருத்தர். அது சட்டவிரோதம். அதோட, அந்தப் புகை போகப்போறது அவர் பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடக்கிற தெருவுக்குத்தான்.

நீல மூடி போட்ட டாங்கில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியாக் கரைசல். சூடான புகையில் தெளித்தால் அது அமோனியாவாக உடையும். கேட்டலிஸ்ட்டின் மேல் அமோனியாவும் நைட்ரஜன் ஆக்சைடும் சந்தித்து, வெறும் நைட்ரஜனும் தண்ணீருமாக வெளியேறும். பல ட்ரக்குகளில் அந்தக் கேட்டலிஸ்ட், செம்பு அயனிகள் பதித்த ஜியோலைட் என்ற நுண்துளைப் படிகம். செம்பு செலவாகாது, உண்மைதான். ஆனா அதன் இடத்தை வேறு ஒருத்தர் பிடிச்சுக்கலாமே!

கனடாவில் ட்ரக் டீசலில் கந்தகம் 15 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கொஞ்சமும் நாளாக நாளாகச் செம்பின் மேல் சல்பேட்டாகப் படியும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடிச்சும் எழும்பாத ஆள் மாதிரி. சித்தப்பாவின் ட்ரக் தெருத்தெருவா நின்று நின்று ஓடுவதால் புகை போதிய அளவு சூடாவதில்லை. குளிர்ந்த புகையில் யூரியாவும் சரியா உடையாமல் வெள்ளைக் கட்டியாக ஒட்டும்.

இதெல்லாம் தூக்கம்தான், சாவில்லை. 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கந்தகம் பெரும்பாலும் எழும்பிப் போயிடும். ஆனா 800 டிகிரியை நெருங்கும் நீராவியில் ஜியோலைட்டின் கட்டமைப்பிலிருந்து அலுமினியமே கழன்றுவிடும். என்ஜின் ஆயில் எரிந்து வரும் பாஸ்பரஸும் அப்படித்தான், ஒட்டினால் லேசில் விடாது. இவை திரும்பாத சாவு.

அதனால வேறொரு கராஜில், கம்ப்யூட்டரை இணைத்து, வண்டியை நிறுத்தி வைத்தே சூடேற்றிச் சுத்தம் செய்யச் சொன்னேன். முன்னும் பின்னும் உள்ள சென்சார்களின் அளவுகளில் மறுபடியும் நல்ல வித்தியாசம் தெரிந்தது. விளக்கும் அணைந்தது.

"அப்ப தப்பிச்சமோ?" என்றார் சித்தப்பா. மாசாமாசம் ஆயில் குறையுதாம். எங்கே எரியுதுன்னு இப்ப தேடிட்டிருக்கோம்.