எஸ்.பி.எஸ்.எஸ். பிறகு வரட்டும்

அன்புத் தம்பி,

மைசூரில் சேர்ந்ததுமே ஆராய்ச்சி முறையியல் தாளை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். எல்லாக் கல்லூரியிலும் அதுதான் வழக்கம். ஆனால் அந்தத் தாளை நடத்த உனக்கு வாய்த்திருக்கும் ஊர் நல்ல ஊர். இந்தியாவில் 1916-இல் கல்கத்தா, அடுத்தது 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம். அப்படி முன்வரிசையில் உளவியல் துறை கண்ட இடம் அது. லண்டனில் உளவியலறிஞர் ஸ்பியர்மனிடம் பயின்று வந்த எம்.வி. கோபாலசுவாமி அதை ஆய்வுக்கூடத்தோடு வளர்த்தார். (1935-இல் சொந்த வீட்டிலேயே வானொலி நிலையம் தொடங்கியவரும் அவர்தான். கருவி என்றால் சும்மா இருக்க முடியாத மனிதர்!)

நீயும் கருவியிலிருந்தே தொடங்கு. கருதுகோள், மாறி, மாதிரி என்று வரையறைகளை எழுதவைப்பதைத் தள்ளிப்போடு. ஆய்வுக்கூட அலமாரியில், சமமான கோடுகள் சமமில்லாமல் தோன்றும் கண்மாயையைக் காட்டும் முல்லர்-லையர் பலகை இருக்கும். தூசி தட்டி எடு. ஒரு கோட்டின் முனைகளில் அம்புத்தலை, இன்னொன்றில் வெளிப்பக்கம் விரியும் சிறகு. சிறகுக்கோடு உள்ள பட்டையை நகர்த்தி, இரண்டும் சமம் என்று கண்ணுக்குப் படும் இடத்தில் நிறுத்தி, பின்னால் உள்ள அளவுகோலை மில்லிமீட்டரில் படிக்க வேண்டும்.

மாணவர்கள் இதைச் செய்யாமலே சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிவிடுவார்கள். கண்டுபிடிப்பது எளிது. ஜோடித்த எண்கள் சமர்த்தாக வரிசையில் நிற்கும்; அசல் அளவீட்டில் ஒன்றிரண்டு துருத்திக்கொண்டு நிற்கும். எல்லோருடைய அளவுகளையும் கரும்பலகையில் எழுதவை. சிறகுக்கோட்டைக் குட்டையாக வைத்து நீட்டியபோது எங்கே நிறுத்தினார்கள், நீளமாக வைத்துக் குறைத்தபோது எங்கே? இரண்டும் ஒத்துப்போகாதபோது, பாதி முறை அப்படியும் பாதி முறை இப்படியும் ஏன் செய்யச் சொன்னோம் என்று அவர்களே சொல்வார்கள். அதற்கான கலைச்சொல்லை அப்புறம் கொடுத்தால் போதும்.

அடுத்ததாகக் குப்புசாமி அளவுகோல். மைசூரிலேயே உளவியல் பேராசிரியராக இருந்த பி. குப்புசாமி 1976-இல் கொடுத்தது. குடும்பத் தலைவரின் படிப்பு, தொழில், குடும்பத்தின் மாத வருமானம் மூன்றையும் கூட்டிச் சமூகப் பொருளாதார நிலையைச் சொல்லும். இன்றும் மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகள் பலவற்றில் அதுதான். அன்றைய பட்டியலில் மாதம் 2000 ரூபாய் தாண்டினாலே வருமானத்துக்கு உச்ச மதிப்பெண், 12. மாணவர்களை முதலில் அந்தப் பழைய பட்டியலிலேயே தங்கள் வீட்டுக்கு மதிப்பெண் போடச் சொல். தேவராஜா மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் 12 வரும், வகுப்பே சிரிக்கும். விலைவாசிக் குறியீட்டைக் கொண்டு வருமான அடுக்குகளைத் திருத்த வேண்டும் என்பதை அதற்குமேல் நீ விளக்க வேண்டியதில்லை. பழைய ஆய்வேட்டிலிருந்து அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கமும் கொஞ்சம் குறையும்.

எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற புள்ளியியல் மென்பொருள் இதற்கெல்லாம் பின்னால் வரட்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த அட்டவணை வரும் என்பதைப் பிள்ளைகள் ஒரே மதியத்தில் கற்றுக்கொள்வார்கள்.

ப்ராஜெக்ட் காலத்தில் ஒரு தொல்லை வரும். ஹாஸ்டல் வாட்ஸ்ஆப் குழுவில் கூகுள் ஃபார்ம் அனுப்பிவிட்டு, 'இந்திய இளைஞர்கள்' என்று தலைப்பு வைப்பார்கள். 'மைசூரில் ஒரு விடுதியின் மாணவிகள்' என்று மாற்றவை. முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

'சார், ரிசல்ட் வரவில்லை' என்று யாராவது அழாத குறையாக வந்து நிற்கும்போது 2015-இல் வெளிவந்த ஆய்வைச் சொல். உளவியலில் அச்சான 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூலத்தில் 97 'முடிவு வந்தவை'. மறுமுறை வந்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். வராததை வரவில்லை என்றே எழுதிய பெண்ணுக்கு முழு மதிப்பெண் போடு. துறைத்தலைவர் கேட்டால், அவளுடைய கச்சாத் தரவுத் தாள்களை எடுத்து மேசையில் வை.

அன்புடன்,
உன் அண்ணன்