சட்டியும் பொடியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

எங்கள் குருவிகுளம் பகுதியிலிருந்து காலையில் தூக்குவாளியுடன் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளுக்குச் செல்வோர் உண்டு. என் அத்தையும் அவர்களுள் ஒருவர். ஒருநாள் அவர், "அலுமினியச் சட்டியைத் தினமும் அடுப்பிலே ஏத்துறோம், ஒண்ணும் ஆகலை. அந்தப் பொடிக்கு மட்டும் ஏம்ப்பா இம்புட்டுக் கட்டுப்பாடு?" என்று கேட்டார். விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள அலுமினியக் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 மைக்ரான் துகள்களாக்கினால் 6,000 சதுர செ.மீ. ஆகிறது. காற்றுடன் உறவாடும் பரப்பு ஆயிரம் மடங்கு! சட்டியைக் காக்கும் ஆக்சைடு படலம் பொடியைக் காக்கப் போதாது.

எனவே ஒரே உலோகத்தை மூன்று நிலைகளில் காணவேண்டும்.

1. சட்டி: அபாயமற்றது.

2. தனிப்பொடி: ஐக்கிய நாடுகள் சபையின் சரக்கு வகைப்பாட்டில், மேற்பூச்சுள்ள பொடி 4.1, அதாவது தீப்பற்றும் திடப்பொருள். பூச்சற்றது 4.3, ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். எரியும் பொடியில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலும் சீறும். உலர்ந்த மணலைத் தூசி கிளம்பாமல் மெல்லப் பரப்புவதே முறை. தூசி மேகமாக எழுந்தால் ஒரு பொறி போதும். சீனாவின் குன்ஷான் நகரில், கார் சக்கரம் மெருகேற்றும் ஆலையில், 2014 ஆகஸ்டு 2 அன்று அவ்வாறு வெடித்து 146 பேர் மாண்டனர்.

3. மருந்துக் கலவை: வெடியுப்பும் கந்தகமும் சேர்ந்துவிட்டால் அது முதல் வகுப்பு, வெடிபொருள். வெடியுப்பே ஆக்சிஜன் தருவதால் மணலும் அணைக்காது. விலகி ஓடுவதே பாதுகாப்பு. முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த விபத்தில், உதவவும் பார்க்கவும் ஓடிவந்தோரும் பலியானதை மறக்கலாகாது.

வேலையிடத்தில் பருத்தி ஆடை அணிக. நுழையுமுன் மண்ணுடன் இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு, உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குக. இரும்புக் கருவிகளை நீக்குக. மிஞ்சிய கலவையை இரவு வைக்காதீர்; ஈரம் பட்டால் உள்ளே சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்பதும் உயிர்களை எண்ணி இட்ட விதியே.

இவற்றைச் சொன்னபோது அத்தை, "தண்ணி வாளி இருக்குன்னு தைரியமா இருந்தேனே!" என்றார். நண்பர்களே, நாம் வகுப்பில் படிக்கும் மேற்பரப்பு வேதியியல் தேர்வுத்தாளோடு நிற்கலாமா? இந்த விடுமுறையில் நம் வீட்டுத் திண்ணைக்கும் அது செல்லட்டும்.