வேலைக்கு முன்னால் பணம் எதற்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கம்பெனி வாசலில் 'ஆட்கள் தேவை' போர்டைப் பார்த்து, வாட்ச்மேனிடம் பயோடேட்டா கொடுத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்களின் பிள்ளைகள் இன்று செல்போனில் வேலை தேடுகிறார்கள். அந்தத் தேடலில் சில நம்பிக்கைகள் வீட்டுச் சேமிப்பையே கரைக்கின்றன.

நம்பிக்கை: பதிவுக் கட்டணம் கட்டினால்தான் ஆன்லைனில் வேலை கிடைக்கும்.

உண்மை: 1997-இல் தொடங்கிய நௌக்ரி போன்ற தளங்களுக்கு முக்கிய வருமானம் ஆள் தேடும் நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. வேலை தேடுபவர் இலவசமாகப் பதியலாம். ரெஸ்யூம் எழுதித் தரும் கட்டணச் சேவைகள் உண்டு. அவை வேலைக்கு உத்தரவாதம் ஆகாது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளமும், தமிழக அரசு 2020-இல் தொடங்கிய தனியார் துறை வேலை இணையமும் இலவசம்.

நம்பிக்கை: ஆவடி டேங்க் ஃபேக்டரியில் 'உள்ளே ஆள்' இருந்தால் பணம் கொடுத்து நுழைந்துவிடலாம்.

உண்மை: 2021 அக்டோபர் முதல் அந்த ஆலை, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏவிஎன்எல் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஒப்பந்தப் பணியானாலும் அறிவிப்பு அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் வரும். விண்ணப்பக் கட்டணம் இருந்தால் தொகை அறிவிப்பிலேயே இருக்கும். அது எந்தத் தனிநபரின் ஜிபே எண்ணுக்கும் போகாது.

நம்பிக்கை: முதல் நாளே பணம் வந்தது, அதனால் இந்தப் பார்ட் டைம் வேலை நிஜம்தான்.

உண்மை: அந்த முதல் பணம்தான் தூண்டில். வீடியோவுக்கு லைக், ஹோட்டலுக்கு ரிவியூ என்று சின்ன வேலை தந்து நூறோ இருநூறோ அனுப்புவார்கள். அடுத்து டெலிகிராம் குழுவில் சேர்த்து, 'முன்பணம் கட்டினால் கூடுதல் லாபம்' என்பார்கள். திரையில் உங்கள் இருப்பு ஏறிக்கொண்டே இருக்கும். எடுக்கப் போனால் 'வரி கட்டு' என்பார்கள். அந்த இருப்பு வெறும் எண். 2023 டிசம்பரில் மத்திய அரசு இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கியது. படித்தவர்களும் இதில் சிக்குகிறார்கள்.

நம்பிக்கை: பேங்க் அக்கவுண்ட்டைக் கொடுத்தால் கமிஷன், நாம் யாரையும் ஏமாற்றவில்லையே.

உண்மை: இன்னொருவரிடம் பறித்த பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் கைமாறுகிறது. கணக்கு முடங்கும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.

நம்பிக்கை: வெளிநாட்டு வேலைக்கு லட்சக்கணக்கில் கொடுப்பது வழக்கம்தான்.

உண்மை: பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். ரசீது தர வேண்டும். ஏஜென்ட்டின் பதிவை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். டூரிஸ்ட் விசாவில் கம்போடியா, மியான்மர் போன தமிழ் இளைஞர்கள் அங்கே சைபர் மோசடி வேலைக்குக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்.

நம்பிக்கை: போனது போனதுதான், வெளியே சொன்னால் மானம் போகும்.

உண்மை: உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. புகார் தர அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகம் இருக்கிறது. மோசடிக்காரருக்குத் தேவைப்படுவது உங்கள் மௌனம். அதைக் கொடுக்காதீர்கள்.

வேலை என்றால் உழைப்பு நம்முடையது, கூலி கொடுப்பது முதலாளி. கூலியை நம்மிடமே முதலில் கேட்பவரிடம் வேலை இல்லை.