செவிவழிக் காட்சி

பார்வையற்ற திருதராட்டிரன் அரண்மனையில் வீற்றிருக்கிறான். யார் வில்லை வளைத்தார், யார் தேரினின்று வீழ்ந்தார் என்று சஞ்சயன் எடுத்துரைக்க, மன்னன் குருச்சேத்திரப் போரைச் செவியால் காண்கிறான். பாரதம் கூறும் இக்காட்சியை நாம் யாவரும் அறிவோம். சஞ்சயன் செய்த பணி இன்று ஒரு தனிக் கலையாக வளர்ந்துள்ளது. அதனை ‘ஒலிவழி விளக்கம்’ எனலாம்.

நாடகத்தில் பேச்சின்றி நிகழ்வன பல. ஒருத்தி கடிதம் ஒன்றைப் படிக்கிறாள். வாய் திறவாமல் அதனை விளக்கில் காட்டி எரிக்கிறாள். அரங்கமே திகைக்கிறது. பார்வையற்றவரோ, நடந்தது யாதென அறியாது, கூட்டத்தினிடையே தனித்திருக்கிறார். அருகிலுள்ள நண்பர் காதோடு சொன்னால், பின்வரிசையில் இருப்போர் சினக்கின்றனர்.

இக்குறையைப் போக்க வழி கண்டவருள் ஒருவர் அமெரிக்காவின் மார்கரெட் ஃபான்ஸ்டீல் அம்மையார். அவரே பார்வை குன்றியவர். 1981-இல் வாஷிங்டன் நகரின் அரீனா அரங்கில் பெர்னார்டு ஷாவின் ‘மேஜர் பார்பரா’ நாடகம் இம்முறையில் விளக்கப்பட்டது.

முறை எளிது. விளக்குவோர் தனியிடத்திலிருந்து ஒலிவாங்கியில் பேசுவார். வேண்டுவோர் சிறு கருவியைக் காதில் பொருத்திக் கேட்பர். விதிகள் இரண்டு. ஒன்று, உரையாடலின் இடைவெளியில் மட்டுமே பேசுதல். மற்றொன்று, கண்டதைக் கூறுதல்; தம் கருத்தைக் கூறாமை. ‘அவள் வருந்துகிறாள்’ என்பது பிழை. ‘முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்; தோள்கள் குலுங்குகின்றன’ என்பதே சரி. வருத்தத்தைக் கேட்பவரே உணரட்டும். நாம் கொடுப்பது கண்ணை மட்டுமே. அறிவும் உணர்வும் அவரிடம் உள்ளன.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனைப் பெயர் சுட்டியே கூறுகிறது. 2023-இல் ‘பதான்’ படத்தை இணையத்தில் வெளியிடும்போது ஒலிவழி விளக்கம் சேர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் பணித்தது. 2024-இல் திரையரங்குகளுக்கென நடுவண் அரசும் நெறிமுறைகள் வகுத்தது. ஆகவே, இது இரக்கத்தால் இடும் பிச்சை அன்று, உரிமை.

சட்டம் வகுத்த வழியில் நடக்க வேண்டியவர் நாமே. நண்பர்களே, நம் சங்கத்தின் ஆண்டுவிழா நாடகத்திற்கு ஒத்திகைகள் பல நடத்துகிறோம். அவற்றைத் தொடக்கமுதல் கண்டு, உரையாடலின் இடைவெளிகளைக் குறித்துவைத்து, அளவறிந்து பேச ஒருவர் போதும். நடிக்க வேடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் நண்பர் நம்முள் இல்லையா? சஞ்சயன் வேடம் அவருக்காகக் காத்திருக்கிறது.